வரைந்த கைக்கு உரியது

நிக்காஹ் நிச்சயமான வீட்டில் அடுத்து எழும் பேச்சு, காஞ்சிபுரம் எப்பொழுது போவது என்பதுதான். ஆம்பூரானாலும் காயல்பட்டினமானாலும் இதில் மாற்றமில்லை. காந்தி சாலைக் கடைகளில் விரித்த பாயில் அமர்ந்து, பட்டு அசலா, சரிகை எவ்வளவு, கரை கோர்வையா, முந்தி தனியாக நெய்து சேர்த்ததா என்றெல்லாம் நம் இல்லத்தரசிகள் துருவித் துருவிக் கேட்பார்கள். கேட்க வேண்டியவைதாம். ஆனால் வாசகப் பெருமக்களே, இந்தக் கொடியையும் மொக்கையும் முதன்முதலில் வரைந்தவர் யார் என்று நம்மில் எவரேனும் ஒருமுறையாவது கேட்டதுண்டா?

அன்னமும் மயிலும் யாளியும் வேண்டாம், பூவும் கொடியும் போதும் என்று நம்மவர் பலர் தேடி எடுப்பதுண்டு. மல்லிகை மொக்கு, மாங்காய், தாழம்பூ ரேக்கு, உடல் முழுதும் சிறு புட்டா என அவர்களுக்கும் காஞ்சியில் பஞ்சமில்லை. அவற்றையும் யாரோ ஒருவர் கண் வலிக்க உட்கார்ந்து வரைந்திருக்கிறார்.

அந்த வேலையின் நுட்பத்தைச் சற்றே அறிந்துகொள்ளுங்கள். முதலில் வெள்ளைத் தாளில் உருவம் பிறக்கிறது. பிறகு அது கட்டமிட்ட கிராப் தாளுக்குப் போகிறது. ஒவ்வொரு கட்டமும் பாவு இழையும் ஊடை இழையும் சந்திக்கும் ஒரு புள்ளி. எந்த இழை மேலே எழும்ப வேண்டும், எது தாழ வேண்டும் என்பதைக் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். குறுக்காக ஒரு வரிசைக்கு ஓர் அட்டை என்ற கணக்கில் துளையிட்டு, அட்டைகளைக் கோத்து, தறிக்கு மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் ஏற்றுகிறார்கள். ஒரு கட்டம் பிசகினால், அந்தப் பிசகு புடவையின் நீளம் முழுவதும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். இன்று கணினித் திரை கிராப் தாளின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. ஆயினும் வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை மனிதக் கண்தானே சொல்ல வேண்டியிருக்கிறது?

இவ்வளவு பாடுபட்டு வரைந்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒருமுறைக் கூலி. தாளைக் கொடுத்தார், பணத்தைப் பெற்றார், அத்துடன் உறவு அறுந்தது. அந்த வடிவம் எத்தனை தறிகளில் ஏறினாலும், எத்தனை மணப்பெண்களின் தோளில் தவழ்ந்தாலும் அவருக்கு ஒரு காசும் வருவதில்லை. வாங்கியவருக்கும் நிம்மதியில்லை. கடைக் கண்ணாடிக்குள் புடவை ஏறியதும் யாரோ கைப்பேசியில் படம் எடுக்கிறார். வேறோர் ஊரின் விசைத்தறியில் அதே கரை மலிவு விலையில் ஓடுகிறது.

பெயர் பெற்ற ஓவியர்களுக்காவது நீதி கிடைத்ததா என்று பார்த்தால், அங்கும் கதை பெரிதாக மாறவில்லை. 2008ஆம் ஆண்டு ராஜா ரவிவர்மாவின் 11 ஓவியங்களை நெய்த பட்டுப்புடவை ஒன்று ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய் விலையுடன் வெளிவந்து உலக சாதனை என்று பேசப்பட்டது. ரவிவர்மா 1906இல் மறைந்தவர். அவர் ஓவியங்களுக்கான பதிப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. எனவே அதில் சட்டப் பிழை ஏதுமில்லை. ஆனால் அவர் வாழ்நாளில் நடந்தது என்ன? தம் ஓவியங்கள் ஏழை வீட்டுச் சுவரிலும் இருக்க வேண்டும் என்று 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். கடன் ஏறியது. இறுதியில் அச்சகத்தை ஒரு ஜெர்மானியரிடம், பல ஓவியங்களை அச்சிடும் உரிமையோடு சேர்த்தே விற்க நேர்ந்தது.

எம்.எஃப். ஹுசைனின் கதை இன்னும் அண்மையது. (உருவம் வரைவது பற்றிய மார்க்கச் சட்ட விவாதத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம், இங்கு நம் பேச்சு கூலியைப் பற்றியது.) சினிமா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த அவர் வரைந்த ‘கிராம யாத்திரை’ என்னும் நெடிய ஓவியத்தை 1954இல் நார்வேயைச் சேர்ந்த ஒரு மருத்துவர் சுமார் 1,400 ரூபாய்க்கு வாங்கிச் சென்றார். அது ஆஸ்லோ மருத்துவமனைச் சுவரில் பல்லாண்டுகள் தொங்கியது. 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் 100 கோடி ரூபாய்க்கும் மேல் விலை போனது. வரைந்தவர் 2011இலேயே மறைந்துவிட்டார். மருத்துவமனைக்குச் சேர்ந்த பணம் நல்ல காரியத்துக்குத்தான் போகிறது என்பது ஆறுதல். எனினும் அந்த இரு தொகைகளையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள், மனம் சற்றுத் துணுக்குறும்.

இத்தகைய ஏற்றத்தாழ்வைக் கண்டுதான் பிரான்ஸ் நாடு 1920லேயே மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டம் இயற்றியது. நம் நாட்டிலும் அது உண்டு என்று சொன்னால் பலர் வியப்பார்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் சேர்க்கப்பட்ட 53ஏ பிரிவின்படி, ஓவியம், சிற்பம், வரைபடம் ஆகியவற்றின் மூலப்படி 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், வரைந்தவரோ அவர் வாரிசுகளோ அதில் பங்கு கேட்கலாம். பங்கு 10 விழுக்காட்டுக்கு மிகாது. சட்டம் இருக்கிறது. ஆனால் எத்தனை ஓவியர்கள் அதை அறிவார்கள்?

காஞ்சி வரைவாளருக்கோ இந்த வாசலும் பாதிதான் திறந்திருக்கிறது. துணியில் ஏறும் வடிவம் என்றால் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் தனியே பதிய வேண்டும். பதிந்தால் 10 ஆண்டு காப்பு, பின் 5 ஆண்டு நீட்டிப்பு. பதியாமல் விட்டு, உரிமையாளரின் இசைவோடு தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் நகலானால் பதிப்புரிமையும் போய்விடும். புடவை கடைக்கு வந்து ஊரறிந்த பின் பதிவு செய்ய ஓடிப் பயனில்லை. முன்பே செய்திருக்க வேண்டும். 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது, நியாயமான மகிழ்ச்சி. ஆனால் அது ஊரின் பெயருக்குப் போட்ட வேலி. வரைந்தவரின் பெயர் அந்த வேலிக்கு வெளியேதான் நிற்கிறது.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்பது நியாயம். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகச் சின்னம் போன்றவை உரியவர்களின் உடைமை, அவற்றுக்குப் பொருள் மதிப்பு உண்டு, அவற்றில் அத்துமீறலாகாது என்று தீர்மானித்தது. ஒருவர் வரைந்த கொடியைக் கேளாமல் எடுத்துக்கொள்வதும் இந்த வரிசையில்தான் வரும் என்பது என் கருத்து. ‘பூ யாருக்குச் சொந்தம்? அல்லாஹ் படைத்ததுதானே’ என்று கேட்பவர்கள் உண்டு. பூ அல்லாஹ் படைத்ததே. ஆனால் அதை 200 அட்டைகளுக்குள் அடக்கிய உழைப்பு ஓர் அடியாருடையது. ஹக்குல் இபாத் என்ற அடியார் உரிமையை அவர் மன்னித்தாலன்றி மன்னிப்பில்லை என்று மிம்பரில் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்? ஓவிய ஏலங்களில் வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் தந்திரம் இன்றும் நடக்கிறது. அதையும் ‘நஜஷ்’ என்று பெயரிட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்றே தடுத்திருக்கிறார்கள்.

ஓவியர்கள் கூடி வழி கண்ட ஓர் எடுத்துக்காட்டும் நம் மாநிலத்தில் இருக்கிறது. சென்னைக் கலைக் கல்லூரி முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் ஓவியம் விற்கும் வரை காத்திராமல், துணியில் பாத்திக் வேலையும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். வயிற்றுக்குத் துணி வேலை, மனத்துக்கு ஓவியம் என்ற ஏற்பாடு. நம் சமுதாயத்தவரான ஜே. சுல்தான் அலியும் அங்கே வாழ்ந்து வரைந்தவர்தாம். இடைத்தரகரின் வாசலில் நிற்காமல் வரைந்தவர் தம் விலையைத் தாமே சொல்ல அந்தக் கடலோர மணல் இடம் தந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அரபு எழுத்தணி அழகாக வரையும் பெண்பிள்ளைகள் இன்று நம் குடும்பங்களில் பலர். உறவினர் என்ற உரிமையில் இலவசமாகக் கேட்கிறோம். பிறகு அதையே அச்சிட்டு வீடு வீடாகக் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளைகள் இரண்டொரு செய்தியை மனத்தில் கொள்வது நலம். பணம் தந்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையெனில், வரையச் சொன்னவருக்கே போகும். ஆகவே பேச்சை முதலிலேயே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். தாமாக வரைந்து வைத்ததை விற்றால் அப்படியன்று. தாள் கைமாறினாலும், கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் இன்றி நகலெடுக்கும் உரிமை கைமாறாது. அப்படி எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிக்க மறந்தாலும் சட்டம் அதை 5 ஆண்டு என்றே கொள்ளும். இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளும்.