பிரிவதற்கும் நமக்கு மட்டும் தனி விலையா?

கண்டியச் சட்டப்படி கலியாணம் முடித்த சிங்களத் தம்பதி ஒத்துவராமல் பிரிய நினைத்தால், மாவட்டப் பதிவாளரிடம் போகலாம். இருவரும் சம்மதித்தால் அதுவே போதிய காரணம். 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம் அந்த வழியைத் தந்திருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காட வேண்டியதில்லை, ஒருவர்மேல் ஒருவர் சேறு பூசவும் தேவையில்லை. நல்ல வழிதான். நமக்கு அதில் பொறாமை இல்லை.

அதே மலையில் இருநூறு வருடமாக உழைக்கும் நமக்கு அந்த வழி ஏன் இல்லை என்பதே எமது கேள்வி. நமக்குள்ளது 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டம். அது ஏற்பது மூன்றே காரணங்கள்: பிறரோடு தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போவது, கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. இருவரும் மனமொத்துப் பிரிய வந்தாலும் ஒருவரைக் குற்றவாளி ஆக்கியே தீரவேண்டும். "கைவிட்டுப் போனார் என்று போடுவோம்" என்று சட்டத்தரணி சொல்ல, இருவரும் தலையாட்டுகிறார்கள். சட்டமே ஆட்களைப் பொய் சொல்ல வைக்கிறது.

செலவைப் பாருங்கள். 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கிலேயே, பத்துத் தவணைக்குக் கண்டிக்கு இறங்கினால் 13,500 ரூபா பேர் போட முடியாமல் போய்விடும். பஸ் காசு, சட்டத்தரணியின் கூலி எல்லாம் அதற்கு மேல். தீர்ப்புக் கிடைத்தாலும் அது முடிந்த முடிவாக மூன்று மாதம் பொறுக்கவேண்டும். கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துப் பெண் தோட்டை அடகு வைத்துவிட்டு வந்து, எந்தச் சட்டத்தரணி நல்லவர் என்று நீதிமன்ற வாசலில் நிற்கும் புரோக்கரிடம் கேட்கிறாள். வழக்கு சிங்களத்தில் நடக்கிறது. தமிழில் மனுக் கொடுக்கவும் அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அதை யார் அவளுக்குச் சொன்னார்கள்?

கோயில் கமிட்டியும் தோட்டக் கமிட்டியும் சொல்வது வேறு. "அனுசரித்துப் போ தாயி." அடி வாங்கியவளிடம் இதைச் சொல்ல இவர்களுக்கு எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது?

எமது கோரிக்கை இரண்டு. பரஸ்பர சம்மதத்தில் பிரியும் உரிமை பொதுச் சட்டத்திலும் வேண்டும். சட்ட உதவி ஆணைக்குழு தமிழ் தெரிந்த சட்டத்தரணிகளோடு தோட்டங்களுக்கே வரவேண்டும். 1978இல் வறியவர்களுக்காகவே அமைத்த ஆணைக்குழு அது. வருமானம் குறைந்தவருக்கு இலவசமாகச் சட்டத்தரணி தருவது அதன் கடமை. கண்டியிலும் அதன் அலுவலகம் இருக்கிறது. புரோக்கரிடம் போகுமுன் அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், சம்பளச் சிட்டை ஆகியவற்றோடு அங்கே போங்கள்.

விவாகரத்து முடியும்வரை பட்டினி கிடக்கவும் வேண்டாம். தாபரிப்பு வழக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்துக்குரியது. அடி, மிரட்டல் என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளையும் அங்கேயே கேட்கலாம். "கோயிலில் தாலி கட்டியதுதானே, பதிவு இல்லை, ஒன்றும் கேட்க முடியாது" என்று சொல்லித் திரியும் ஆண்களுக்கு ஒரு தகவல்: பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்க அப்பா அம்மாவின் விவாகப் பதிவு தேவையில்லை.