உழவனுக்கும் வேண்டும் ஆண்டு முழுவதும் கணக்கு

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது பழமொழி. மழையும் விலையும் கைகொடுக்காத காலத்தில் உழவன் மனம் தளராதிருக்கச் சொன்ன சொல் இது. இதையே காரணமாகக் காட்டிக் கணக்கு எழுதாமலே இருந்துவிடுவது இன்றைய சிறு உழவருக்கு ஏற்றதன்று. "விவசாயத்துக்குத்தான் வரியே இல்லையே, ஆடிட்டரிடம் நமக்கென்ன வேலை?" என்று கேட்பவர்கள் பலர். வரி இல்லை என்பது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாததால் நிலம் விற்ற பணத்தில் பெரும்பங்கை இழக்கும் குடும்பங்கள் உண்டு.

எது வேளாண் வருமானம்?

1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வேளாண் வருமானத்துக்கு விலக்கு அளித்தது. 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் வகையில் 2025 இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்திலும் அந்த விலக்கு தொடர்கிறது. நெல், கரும்பு, நிலக்கடலை, வாழை விற்ற பணமும், பயிர் செய்ய விட்ட நிலத்தின் குத்தகையும் இதில் அடங்கும். நாற்றங்காலில் வளர்த்து விற்கும் கன்றுகளும் அப்படியே.

ஆனால் பால், முட்டை, கோழி, தேன் விற்ற பணம் வேளாண் வருமானம் ஆகாது. பிறர் நிலத்தில் டிராக்டர் ஓட்டி வாங்கும் வாடகையும் ஆகாது. மேலும், 1973 ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, பிற வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டி, வேளாண் வருமானமும் 5,000 ரூபாய்க்கு மேற்பட்டால், பிற வருமானத்துக்குரிய வரி விகிதத்தைக் கணக்கிட வேளாண் வருமானமும் சேர்த்துக்கொள்ளப்படும்.

இன்றைய வரம்புகளின்படி சிறு உழவர் பலருக்கு ஆண்டுதோறும் வரி கட்டும் நிலை வராது. ஆயினும் பயிர்ப் பணம், பால் பணம், வாடகைப் பணம் எல்லாம் ஒரே பையில் விழுந்தால், கேள்வி வரும் நாளில் எது எவ்வளவு என்று சொல்ல யாராலும் இயலாது.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

பால் மாடு வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். சிறு தொழில்களுக்கு, விரிவான கணக்கின்றி, வரவில் ஒரு விழுக்காட்டையே இலாபமாகக் கொள்ளும் முறை ஒன்று உண்டு. ரொக்கமாக வந்த வரவுக்கு 8 விழுக்காடு. வங்கி வழியாக வந்த வரவுக்கு 6 விழுக்காடு. ஆண்டுக்கு 4,00,000 ரூபாய்க்குப் பால் ஊற்றுபவருக்கு ரொக்கமானால் 32,000 ரூபாயும், வங்கி வழியானால் 24,000 ரூபாயும் இலாபமாகக் கொள்ளப்படும். ரொக்கமாக வாங்கிய பணத்தை வங்கி வழி வந்ததாக மாற்ற, மார்ச் மாதத்தில் எவ்வளவு கெட்டிக்கார ஆடிட்டராலும் ஆகாது. ஏப்ரல் மாதத்திலேயே அவரைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

பட்டுப்புழு வளர்ப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மல்பெரி இலை வேளாண் விளைபொருள். ஆனால் அந்த இலையைப் புழுவுக்குப் போட்டுக் கிடைத்த கூட்டை விற்ற வருமானம் வேளாண் வருமானம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1999 இல் தீர்ப்பளித்தது. சொந்தத் தோட்டத்து விளைபொருளைத் தொழிலுக்கு மூலப்பொருளாகப் பயன்படுத்தினால், அதன் சந்தை மதிப்பைத் தொழில் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள 1962 ஆம் ஆண்டு விதிகளிலேயே வகை செய்யப்பட்டது. அன்றாடம் எத்தனை கிலோ இலை போட்டோம், இலை என்ன விலை என்று எழுதி வைத்தவருக்கே இந்தச் சலுகை பயன்படும்.

நிலம் விற்கும்போது

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு நிலத்தில்தான் நேர்கிறது. நகர எல்லைக்கு அப்பால் உள்ள கிராமப்புற விளைநிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. எவ்வளவு அப்பால் என்பது அந்த நகரின் மக்கள் தொகையைப் பொறுத்தது. 10,000க்கு மேல் ஒரு இலட்சம் வரையானால் 2 கிலோமீட்டர். பத்து இலட்சம் வரை 6 கிலோமீட்டர். அதற்கும் மேலானால் 8 கிலோமீட்டர். இத்தூரம் சாலை வழியாக அளக்கப்படுவதில்லை, நேர்கோட்டில் அளக்கப்படுகிறது.

எல்லைக்கு உட்பட்ட நிலமானால் வரி உண்டு. ஆதாயம் 30 இலட்சம் என்றால், நெடுங்கால ஆதாயத்துக்கான 12.5 விழுக்காட்டில் வரி ஏறக்குறைய 3,75,000 ரூபாய். இதைத் தவிர்க்கச் சட்டமே வழி தந்துள்ளது. விற்பதற்கு முந்திய இரண்டு ஆண்டுகள் உழவரோ அவருடைய பெற்றோரோ அந்நிலத்தில் பயிர் செய்திருக்க வேண்டும். விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு விளைநிலம் வாங்க வேண்டும். அதற்குள் வருமான விவரம் தாக்கல் செய்யும் கெடு வந்துவிட்டால், செலவிடாத ஆதாயப் பணத்தை வங்கியில் இதற்கென உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும்.

பயிர் செய்ததற்கு முக்கியச் சான்று கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல். சாகுபடி செய்த நிலம் அடங்கலில் தரிசு என்று பதிவாகியிருந்தால், விற்ற பிறகு அதைத் திருத்த அலைவது வீண் பாடு. பருவந்தோறும் அடங்கலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பணம் வாங்குவதற்கு முன்னரே ஆடிட்டரைப் பார்க்க வேண்டும். பத்திரம் முடிந்து, பணமும் கடனுக்கும் கல்யாணத்துக்கும் செலவான பின் அவரிடம் போய்ப் பயனில்லை.

என்ன செய்யலாம்?

கூலி, உரம், விதை, விற்பனை ஆகியவற்றை அன்றன்றே எழுத ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். பயிருக்குச் சில பக்கங்கள், மாட்டுக்குச் சில பக்கங்கள் எனப் பிரித்துக்கொள்ளலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் எழுதலாம். உரக்கடை, மண்டி, பால் சங்க ரசீதுகளை ஒரு கம்பியில் குத்தி வைக்க வேண்டும். வட்டியில் வங்கி வரி பிடித்திருந்தால் அந்தச் சான்றும் அதில் இருக்கட்டும்; வரி கட்ட வேண்டாதவர் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம்.

இந்த நோட்டுடன் ஆனி, புரட்டாசி, மார்கழி, மாசி என ஆண்டுக்கு நான்கு முறை ஆடிட்டரைப் பார்ப்பது நலம். தனி ஒருவருக்குக் கட்டணம் சுமையாகத் தோன்றினால், பத்து இருபது பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் வழியாகவோ ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். ஆனால் கடை வருமானத்தையும் வட்டி வருமானத்தையும் பயிர் வருமானமாகக் காட்டித் தருகிறேன் என்பவரிடம் போகக் கூடாது. பின்னால் வரியோடு அபராதமும் சேர்ந்து வரும்.

மண் பரிசோதனை செய்து உரமிட வேண்டும் என்பதை உழவர்கள் ஏற்றுக்கொண்டு வருகிறார்கள். கணக்கும் அத்தகைய பரிசோதனையே. எந்தப் பயிர் கையைக் கடித்தது, எந்த மாடு தீனிக்கே சரியாகப் போயிற்று என்பதையும் அந்த நோட்டே காட்டிவிடும். ஆடிப் பட்டம் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். நோட்டை இந்த வாரமே தொடங்கிவிடலாம்.