கவனக்குறைவு என்று எழுதாதீர்கள்

அரிசி மில் ஃபேனில் சிக்கி ஒருவருக்கு விரல் போனால், காரணம் என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார்கள்: கவனக்குறைவு. மில்காரர் சொல்வதும் அதுதான், பேப்பரில் வருவதும் அதுதான். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற சொந்தக்காரர்களே கூட, "கொஞ்சம் பாத்து செஞ்சிருக்கலாம்" என்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் மெயின்டனன்ஸ் பிட்டராக ஃபேனோடும் புளோயரோடும் மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்த வார்த்தையைப் போல அநியாயம் வேறு கிடையாது.

பெரணமல்லூர், ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுப்புடவைதான் ஞாபகம் வரும். ஆரணி அரிசிக்கும் பேர் போன ஊர். நெல் மில்லுக்குள் போய்ப் பாருங்கள், எங்கு திரும்பினாலும் ஒரு ஃபேன். தூசி இழுக்க ஒன்று, உமியைத் தள்ள ஒன்று, தவிடு இழுக்க ஒன்று, ட்ரையருக்குச் சூடான காற்று கொடுக்க ஒன்று, பாய்லர் புகையைப் புகைபோக்கிக்கு இழுத்துத் தள்ள ஒன்று. எல்லாமே அடைக்கும், ஆடும், பெல்ட் அறுக்கும். எல்லாவற்றிலும் யாராவது கையை விட்டுத்தான் ஆக வேண்டும்.

எங்கள் பக்கம் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். குழித்தறியில் இழை அறுந்தால் நெய்கிறவர் மிதிபலகையிலிருந்து காலை எடுத்துவிட்டுக் குனிந்து முடிச்சுப் போடுவார். தறியை ஓட்டுகிற காலும் இழையைப் பிடிக்கிற கையும் ஒரே ஆளுடையவை. அவர் நினைக்காமல் தறி அசையாது. மில் ஃபேன் அப்படியா? ஃபேன் கூரைக்குப் பக்கத்தில். ஸ்டார்ட்டர் கீழே பேனல் ரூமில். நடுவில் ஒரு சுவர். உள்ளே கையை விட்டிருப்பவர் ஒருவர், பச்சை பட்டனை அழுத்தக்கூடியவர் இன்னொருவர். மேலே ஆள் இருப்பது கீழே இருப்பவருக்குத் தெரியாது. மேலே இருப்பவர் எவ்வளவு கவனமாக இருந்து என்ன பிரயோஜனம்?

இதில் கரண்ட் போன நேரம் இன்னும் மோசம். "சும்மாதானே நிக்குது" என்று பெல்ட்டில் கை வைப்பார்கள். ஒழுங்கான ஸ்டார்ட்டர் என்றால் கரண்ட் போனதும் காயில் விட்டுவிடும், திரும்ப வந்தாலும் பட்டனை அழுத்தாமல் ஓடாது. ஆனால் கழனி மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்துப் பழகிய ஊர் இது. ராத்திரி மூணு ஃபேஸ் வந்தால் தானாக ஓடட்டும் என்று வைக்கிற பெட்டி. அதே பெட்டியை ஒரு மில் புளோயருக்கு மாட்டியிருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கிணற்று மோட்டாருக்குள் யாரும் கை விடப்போவதில்லை. புளோயரில் விடுவார்களே!

பழைய மில் எலக்ட்ரீஷியன்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. வேலைக்கு ஏறும் முன் ஃபியூஸ் கேரியர் மூன்றையும் பிடுங்கி டவுசர் பையில் போட்டுக்கொள்வார்கள். பீங்கான் கட்டை மூன்றும் பையில் கனமாகக் கிடக்கும், அவர் இறங்கி வரும் வரை எந்தக் கொம்பனாலும் மோட்டாரை ஓட்ட முடியாது. இப்போது பேனலெல்லாம் பளபளவென்று பிரேக்கர். நல்லதுதான், ஆனால் பையில் போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. கீழே தட்டிவிட்டதை எவரும் மேலே தட்டலாம். பழைய காலத்துப் பாதுகாப்பு போய்விட்டது, அதற்குப் பதிலாக வரவேண்டிய பூட்டு வரவில்லை.

பூட்டு என்று நான் சொல்வது புதிய கண்டுபிடிப்பு அல்ல. நம் 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில், 24ஆம் பிரிவில், 1976 திருத்தத்தில் சேர்த்தார்கள். மின்சாரத்தை நிறுத்தும் கருவி தற்செயலாக ஆன் பக்கம் போய்விடக்கூடியது என்றால், அதை நிறுத்திய நிலையிலேயே பூட்டி வைக்க வசதி இருக்க வேண்டும். அமெரிக்காக்காரன் தன் தொழிற்சாலைகளுக்கு இதைத் தனி விதியாகப் போட்டது 1989ல். அவனுக்குப் பதிமூன்று வருஷம் முன்னால் நம் சட்டத்தில் வந்த சமாச்சாரம் இது! எத்தனை மில் பேனலில் பூட்டுப் போட ஓட்டையாவது இருக்கிறது? அந்தச் சட்டமும் கரண்டில் ஓடுகிற ஆலை என்றால் பத்து பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலை என்றது. 2020ல் வந்த புதிய தொகுப்பு அதை இருபது ஆக்கியது. ஆகவே சின்ன மில்லுக்கு இன்ஸ்பெக்டர் வந்து சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

விவரம் தெரியாத ஊர் என்று தப்பிக்கவும் முடியாது. அனல் மின் நிலையங்களுக்கான ராட்சத ஃபேன்களை பெல் நிறுவனம் செய்வது இதோ பக்கத்து ராணிப்பேட்டையில். நம் பையன்கள் துபாய், சிங்கப்பூர் என்று போய், தன் பூட்டை மாட்டி, தன் பேர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் வேலை பார்க்கிறார்கள். அதே பையன் ஊருக்குத் திரும்பி மில்லில் சேர்ந்தால், "சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேன் போப்பா" என்ற வார்த்தையை நம்பி ஏணியில் ஏறுகிறான். பையன் மாறவில்லை. இங்கே அவனுக்குப் பூட்டு கொடுக்க ஆள் இல்லை.

பூட்டினாலும் வேலை முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், தப்பான மோட்டாரைப் பூட்டியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். டெர்மினலில் மூன்று ஃபேஸையும் டெஸ்ட் செய்யுங்கள். பிறகு ஃபேன் முழுதாக நிற்கும் வரை காத்திருங்கள். இந்தக் கடைசி விஷயத்தில்தான் அனுபவசாலிகளே ஏமாறுவார்கள். பாய்லர் ஃபேனில் கரண்ட் இல்லாவிட்டாலும் புகைபோக்கி இழுவையிலேயே இம்பெல்லர் மெதுவாகச் சுற்றும். ஒரே டக்ட்டில் இரண்டு ஃபேன் இருந்தால், ஓடுகிறது நிற்கிறதைச் சுற்ற வைக்கும். மெதுவாகத்தானே என்று கையால் நிறுத்தப் பார்க்காதீர்கள், அந்த எடைக்கு எலும்பு ஒரு பொருட்டே இல்லை. டேம்பரை மூடி, இம்பெல்லரைக் கட்டையாலோ கயிற்றாலோ அசையாமல் கட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். கட்டியதை அவிழ்த்து, கார்டை மாட்டி, ஸ்பானரை எண்ணிப் பார்த்த பிறகு, பூட்டியவரே தன் கையால் பூட்டை எடுக்க வேண்டும்.

ஃபேனுக்குள் ஆள் போகிற தடவைகளைக் குறைப்பதும் பாதுகாப்புதான். அதற்குக் கோளாறைச் சரியாகக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். ஃபேன் ஆடுகிறது என்றால் உடனே பேரிங்கைக் கழற்றுவார்கள். முக்கால்வாசி நேரம் இறக்கையில் ஒட்டிய தவிடும் தூசியும் ஒரு பக்கம் உதிர்ந்து, இன்னொரு பக்கம் அப்பியிருக்கும், அவ்வளவுதான். பேரிங் சூடாகிறதென்று கிரீஸை மேலும் மேலும் திணிப்பார்கள், அதிக கிரீஸே சூட்டைக் கிளப்பும். மோட்டார் ரீவைண்டிங் போய் வந்த பிறகு காற்று குறைந்துவிட்டதா? ஃபேஸ் மாறி எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். நத்தைக்கூடு மாதிரி இருக்கிற புளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வழியாகத்தான் வரும், பலவீனமாக வரும். இதைப் பார்க்காமல் புல்லியை மாற்றி வேகத்தைக் கூட்டுகிற மேதாவிகள் உண்டு. வேகம் நூற்றுக்கு 20 கூடினால் மோட்டார் இழுக்கிற பவர் 73 கூடும், இம்பெல்லர் தாங்க வேண்டிய விசை 44 கூடும். மோட்டார் எரிந்தால் பரவாயில்லை, இறக்கை பிய்த்துக்கொண்டு வந்தால்?

இதையெல்லாம் ஊரில் ஒரு மில்காரரிடம் சொன்னேன். நல்ல மனுஷர், ஆயுத பூஜைக்கு மோட்டார் மோட்டாராகப் பொட்டு வைப்பவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், சாவியை எடுத்துக்கிட்டு ஆள் வீட்டுக்குப் போயிட்டா சீசன்ல என் கதி?" என்றார். நியாயமான கேள்வி. முதலில் அந்த ஆளுக்குப் போன் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் நீங்களே மேலே ஏறி, உள்ளே யாரும் இல்லை, கார்டு மாட்டியிருக்கிறது என்று பார்த்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பூட்டை வெட்டுங்கள். ஆபீஸில் மாற்றுச்சாவி மட்டும் வைக்காதீர்கள் என்றேன். அவருக்கு மொத்தம் பதினொரு மோட்டார். பதினொரு பூட்டு வாங்கிவிடுகிறேன் என்றார். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது கேட்டேன். சீசன் முடியட்டும் சார் என்கிறார்.