மணம் மட்டும் போதுமா?

பிள்ளைப்பேற்றின் வேதனையையும் அச்சத்தையும் நறுமண எண்ணெய் தணித்துவிடும் என்று இன்று பலர் சொல்கின்றனர். இயற்கைப் பொருள்தானே, சோதனை எதற்கு என்றும் கேட்கின்றனர்.

நண்பர்களே, நம் பேகம்பேட்டில் நின்றே இதற்கு விடை தேடுவோம். 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் ரொனால்டு ராஸ் இங்கேதான் கொசுவின் வயிற்றைக் கீறி மலேரியாக் கிருமியைக் கண்டார். நாற்றக் காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்ற பழைய நம்பிக்கை வீழ்ந்தது.

இதே ஐதராபாத்தில் 1888-லும் 1889-லும் குளோரோபாரத்தைச் சோதிக்க நிஜாமின் ஆதரவில் குழுக்கள் அமைந்தன. குளோரோபாரமும் இனிய மணமுடையதே! 1853-இல் விக்டோரியா அரசி அதை முகர்ந்துதான் மகனைப் பெற்றார். அது இதயத்தை நேரே தாக்காது என்றது குழு. பிந்திய ஆராய்ச்சி அத்தீர்ப்பையும் திருத்தியது. சோதனைக்கு ஓய்வேது?

நறுமண எண்ணெயின் நிலை என்ன? 535 தாய்மார் பங்குகொண்ட இரு சோதனைகளை 2011-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஆராய்ந்தது. வலி குறைந்ததற்குச் சான்று கிட்டவில்லை. பேறு முடியும்வரை ஒருவர் உடனிருந்தால் வலி மருந்தின் தேவை குறைகிறது, இயல்பான பிரசவம் மிகுகிறது என்று 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பு கண்டது. தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே இத்துணைக்கு இடம் தரப்பட்டது.

மல்லிகை மணம் மனத்துக்கு இதமளித்தால் அளிக்கட்டும், யார் தடுப்பார்? ஆனால் வலிக்கு மருந்து கேட்கும் தாயிடம் எண்ணெய்ப் புட்டியை நீட்டுவது இரக்கமன்று. நாளை பெற்றோராகப் போகும் நாம், முதலில் அவள் கையைப் பற்றி உடனிருக்கக் கற்போமாக!