நெருப்புத் தெரியாத அடுப்பு

கல்லடியிலே எமது உறவினர் ஒருவர் மாடிவீடொன்றில் குடியிருக்கின்றார். ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி. காற்றுக்குக் குறைவில்லை, இடத்துக்குத்தான் குறைவு. இரண்டு அறைகளும், ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே நிற்க வேண்டிய குசினியும், நான்கு நாற்காலிகள் போடக்கூடிய பால்கனியும் சேர்ந்ததே அவ்வீடு. சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை அவர்களுடைய அழைப்பை ஏற்று அங்கே சென்றிருந்தோம்.

வாவியிற் பிடித்த மணலை மீனும் சிறிது இறாலும் மஞ்சளும் மிளகும் பூசப்பட்டு ஆயத்தமாயிருந்தன. பால்கனியின் நடுவே ஒரு முக்காலியில் புதிதாக வாங்கிய மின்சாரக் கிறில் வீற்றிருந்தது. கரியில்லை, விறகில்லை, ஊதுகுழலில்லை. வீட்டின் இளைய பெண் ஏழாம் வகுப்பு மாணவி. அவள் அதனைச் சுற்றிச் சுற்றி வந்து, "மாமா, நெருப்பையே காணவில்லையே, மீன் எப்படி வேகும்?" என்று வினவினாள். நாம் பதில் சொல்வதற்குள் ஏதோ கருகும் வாசனை எழுந்தது. மச்சாள் ஓடிவந்து மீனைப் புரட்டினார். மீன் கருகவில்லை. கருகியது, கதவோரத்தில் கால்மிதியின் கீழே சுருள் சுருளாகக் கிடந்த மின்கம்பி.

உடனே சுவிச்சை அணைத்தோம். கால்மிதியைத் தூக்கிப் பார்த்தால் கம்பியின் மேலுறை மெழுகுபோல இளகியிருந்தது. இன்னும் பத்து நிமிடம் நாம் பேச்சில் மூழ்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணவே நெஞ்சம் நடுங்குகின்றது. அந்தச் சிறுமியின் கேள்விக்கும் அந்தக் கம்பி கற்பித்த பாடத்துக்கும் சேர்த்து விடையளிப்பதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கம்.

முற்றம் போனது, ஆசை போகவில்லை

சுட்ட மீனின் சுவை நமது பகுதியாருக்குப் புதிதன்று. படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் முற்றத்தின் ஓரத்தில் மூன்று கல் வைத்து, சிரட்டைக்கரியைத் தணலாக்கி, கம்பித் தட்டில் மீனைச் சுட்டுச் சோற்றுடன் உண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கின்றது. ஆயினும் முற்றங்கள் சுருங்கிவிட்டன. காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊர்களிற் சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் நிற்கின்றன. ஒரு வீட்டார் மூட்டிய கரியின் புகை அடுத்த வீட்டாரின் தொட்டிலுக்குச் செல்கின்றது. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களிலே ஒரு தீப்பொறி எங்கே போய் விழும் என்று எவராலும் சொல்ல முடியாது.

மழைக்காலத்தின் ஆபத்து வேறு. வெளியே மழை பொழியும்போது, "அறைக்குள்ளே வைத்துக் கொள்வோமே" என்று கரியடுப்பை உள்ளே தூக்கிச் செல்வோர் உண்டு. இதைவிடக் கொடிய பிழை வேறில்லை. எரியும் கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு வெளிப்படுகின்றது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய அறையில் அது நிறைந்தால் உறங்குபவர் விழிக்காமலே போய்விடுவர். குளிருக்கு அஞ்சி அறைக்குள் கரியடுப்பை வைத்து உறங்கியோர் மறுநாள் எழவேயில்லை என்ற செய்தி மலைநாட்டு வாசஸ்தலங்களிலிருந்து மீண்டும் மீண்டும் வருகின்றது.

பிற நாட்டாரும் இதனை உணர்ந்திருக்கின்றனர். அமெரிக்காவிற் பல நகரங்கள் பின்பற்றும் தீத்தடுப்பு விதிகள், தொடர்மாடிகளில் தீப்பற்றக்கூடிய பால்கனிகளிலும் அவற்றிலிருந்து 10 அடி தூரத்துக்குள்ளும் கரியடுப்பையும் திறந்த சுவாலை அடுப்பையும் உபயோகிப்பதைச் சில விலக்குகளோடு தடை செய்கின்றன. சுவாலையில்லாத மின்சாரக் கிறில் அத்தடைக்குள் வருவதில்லை.

நம் நாட்டிலோ வேறொரு காரணமும் சேர்ந்தது. 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களிற் சமையல் வாயுச் சிலிண்டர்களோடு தொடர்புடைய வெடிப்புகள் நாடெங்கும் நிகழ்ந்தன. அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லத்தரசிகள் அஞ்சினர். அடுத்து 2022இல் வாயுவுக்கு நாட்கணக்கில் வரிசையில் நிற்க நேர்ந்தது. அந்த அச்சமும் அலைச்சலும் பல குடும்பங்களை மின்சார அடுப்பின் பக்கம் திருப்பின.

சிறுமியின் கேள்வி

இனி, நெருப்பின்றி மீன் வேகும் விதத்தைக் காண்போம். கிறிலின் தட்டுக்குக் கீழே ஒரு கம்பிச்சுருள் இருக்கின்றது. பெரும்பாலும் நிக்கலும் குரோமியமும் கலந்த நைக்குரோம் என்னும் உலோகத்தால் அது ஆனது. இக்கலப்புலோகத்தை அமெரிக்கரான அல்பர்ட் மார்ஷ் கண்டறிந்து 1906இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மின்சாரம் எளிதிற் செல்ல விடாமல் அது தடுக்கின்றது. அந்தத் தடையே வெப்பமாக மாறுகின்றது. கம்பி செந்நிறமாகச் சூடேறினாலும் எளிதில் உருகுவதுமில்லை, துருப்பிடித்து உதிர்வதுமில்லை.

மீனின் மேற்புறம் பொன்னிறமாகி மணம் வீசுவதற்கும் சுவாலை வேண்டியதில்லை, வெப்பமே வேண்டும். உணவிலுள்ள புரதக் கூறுகளும் சர்க்கரையும் ஏறத்தாழ 140 பாகை செல்சியசுக்கு மேல் விரைந்து கூடிப் புதிய நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. இதனை 1912இல் விளக்கியவர் லூயி மையார் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி. சுட்ட மீனும் வறுத்த கோப்பிக்கொட்டையும் பாணின் மேற்றோலும் மணப்பது இதனாலேதான்.

ஆயினும் ஒன்றை மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். கரியிற் சுட்ட மீனின் புகைமணம் இதிற் கிடைக்காது. மீனிலிருந்து கொழுப்புச் சொட்டித் தணலில் விழுந்து, ஆவியாகி, மீண்டும் மீனிற் படிவதால் வரும் மணம் அது. கிறிலின் அடியிலே நீர்த்தட்டு இருப்பதாற் கொழுப்பு அதில் விழுந்து குளிர்ந்து போகின்றது. மணம் சற்றுக் குறைகின்றது. புகையும், அப்புகையில் உள்ள தீங்கான கூறுகளும் அதனிலும் அதிகமாகக் குறைகின்றன. அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சை எண்ணினால் இந்த நஷ்டம் பெரிதன்று.

கம்பி சொன்ன கணக்கு

அன்று மாலை கருகிய கம்பிக்கு வருவோம். அந்தக் கிறிலின் அடியில் 2000 வாட் என்று பொறித்திருந்தது. நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். வாட்டை வோல்டால் வகுத்தால் அம்பியர் கிடைக்கும். 2000ஐ 230ஆல் வகுக்க ஏறக்குறைய 8.7 அம்பியர். அதனைப் பொருத்தியிருந்த நீட்டுக்கம்பியோ 5 அம்பியருக்கு உரியது. 5 அம்பியர் தாங்கக்கூடியது 1150 வாட் மட்டுமே. இரட்டைச் சுமை ஏற்றிய மாடுபோல அக்கம்பி தவித்தது. போதாக்குறைக்கு, சுருளாகக் கிடந்ததாலும் கால்மிதி மூடியிருந்ததாலும் அதன் சூடு வெளியேற வழியில்லை. அடுப்பிலே நெருப்பைக் காணவில்லை என்றாள் சிறுமி. நெருப்பு இருந்தது, நாம் பாராத இடத்தில் இருந்தது.

மாணவர்கள் இக்கணக்கைத் தம் வீட்டுக் கருவிகளுக்கெல்லாம் போட்டுப் பார்க்கலாம். 13 அம்பியர் சதுரமுனைச் செருகி 2990 வாட் வரை தாங்கும். பழைய வீடுகளிலுள்ள 15 அம்பியர் உருளைமுனைச் செருகி 3450 வாட் வரை தாங்கும். கிறிலை இவ்விரண்டில் ஒன்றிலே நேரடியாகப் பொருத்துவதே முறை. ஒரே துளையிற் கிறிலையும் கேத்தலையும் சேர்த்துப் பொருத்தலாகாது. நீட்டுக்கம்பி தவிர்க்க முடியாததாயின், தடித்த கம்பியுடைய 13 அம்பியர் வகையை வாங்கி, முழுவதும் விரித்து, எவர் காலும் இடறாத சுவரோரமாக விடவேண்டும்.

செலவுக் கணக்கும் எளிதே. 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் அலகு. 2000 வாட் கிறில் அரை மணியில் ஓர் அலகு உண்ணும். சூடு கட்டுப்படுத்தி இடையிடையே தானே அணைந்து எரிவதால் உண்மைச் செலவு இதனிலும் சற்றுக் குறையும். ஆனால் மாதப் பட்டியல் படிப்படியாக ஏறுவது என்பதையும், ஒரு படியைத் தாண்டியதும் மேலதிக அலகுகளின் விலை உயரும் என்பதையும் குடும்பத் தலைவி மறக்கலாகாது.

உப்புக்காற்றும் ஈரமும்

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நமது நிலத்திலே இரும்பு நெடுநாள் வாழாது. அந்த உப்புக்காற்று செருகியின் பித்தளை முனைகளையும் விட்டு வைப்பதில்லை. பச்சை பூத்த முனை சரிவரத் தொடாது, தொடாத இடத்திற் பொறியும் சூடும் பிறக்கும். ஆகவே கிறிலைப் பால்கனியிலேயே விட்டு வைத்தலாகாது. வேலை முடிந்து ஆறியதும் துடைத்து உள்ளே எடுத்து வைத்தல் வேண்டும். தட்டைக் கழற்றிக் கழுவலாம். சூடேற்றும் கம்பியையும் செருகியையும் நீரில் அமிழ்த்தவே கூடாது.

மார்கழி மழையில் ஒரு துளி சாரல் அடித்தாலும் சமையலை உள்ளே மாற்றுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலுடன், மீன் கழுவிய கையோடு சுவிச்சைத் தொடுவது மரணத்துக்குக் கைநீட்டுவதாகும். இந்த இடத்தில் நம்மைக் காப்பது ட்ரிப் சுவிச்சு என்று நாம் அழைக்கும் சிறு கருவி. மின்சாரம் வழிதவறி மனித உடல் வழியாக நிலத்துக்குச் செல்ல முற்பட்டால், 30 மில்லி அம்பியர் அளவிலேயே அதனை உணர்ந்து, ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் முகத்திற் பரிசோதனைக்கென ஒரு சிறு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அதனை அழுத்திப் பாருங்கள். உடனே மின்சாரம் நின்றால் காவலன் விழித்திருக்கின்றான். நிற்காவிட்டால் அன்றைக்கே மின்வேலை அறிந்தவரை அழையுங்கள். ஒன்று மட்டும் நினைவிலிருக்கட்டும்: இக்கருவி மனிதனைக் காக்கும், சுமை தாங்காமற் சூடேறும் கம்பியை அது அறியாது. அதற்கு நாம் போட்ட அம்பியர்க் கணக்கே காவல்.

சமைக்கும் முறை

கிறில் தணலைப்போல உக்கிரமாகக் காய்வதில்லை. எனவே பத்து நிமிடம் முன்னரே சூடேற்றிக் கொள்ளுங்கள். மீனைக் கழுவியபின் துணியால் ஈரம் ஒற்றி எடுங்கள். ஈரமான மீன் வாடாது, அவியும். மஞ்சள், மிளகு, உள்ளி, உப்பு, சிறிது தேசிக்காய்ச் சாறு சேர்த்துப் பூசி அரை மணி ஊறவிட்டால் போதும். எண்ணெயைத் தட்டில் ஊற்றாமல் மீனில் தடவுங்கள், புகை குறையும். முழு மணலையை இரு பக்கமும் கீறிவிடுங்கள். கொடுவாயைத் துண்டுகளாக்கிச் சுடுங்கள். ஒரு பக்கம் தானே தட்டை விட்டுப் பிரியும் வரை புரட்ட அவசரப்பட வேண்டாம். கோழியாயின் எலும்போரம் வரை வெந்ததை உறுதி செய்து கொள்ளுங்கள். உள்ளே 74 பாகை செல்சியஸ் சூடேற வேண்டும் என்பர் உணவுப் பாதுகாப்பு அறிந்தோர்.

எல்லாவற்றையும் சொன்னபின் ஒரு வார்த்தை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. அந்நாட்களிற் சோறாக்கிக் கொடுத்தது பழைய விறகடுப்பே. புதியதை வரவேற்போம், பாட்டியின் அடுப்பையும் ஒரு மூலையிற் பேணி வைப்போம். இரண்டுக்கும் உரிய இடம் வேறு, உரிய எச்சரிக்கையும் வேறு.

எமது உறவினர் அக்கம்பியை எறிந்துவிட்டு, பால்கனிக் கதவருகே 13 அம்பியர் செருகியொன்றை முறைப்படி பொருத்துவித்துள்ளார். மாதத்தின் முதல் ஞாயிறன்று ட்ரிப் சுவிச்சை அழுத்திப் பார்ப்பது அந்த ஏழாம் வகுப்பு மாணவியின் பொறுப்பாம். வாசகர்களே, இன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். மீன் சுட எண்ணியிருந்தால், அடுப்பைப் பார்ப்பதற்கு முன் அது குடிக்கும் மின்சாரம் வரும் வழியை ஒருமுறை பார்த்து விடுங்கள்.