தாளம் தவறியவனுக்கும் இடமுண்டு

வீடியோ விளையாட்டு என்றதும் பெரியோர் பலர் முகம் சுளிப்பர். பொழுதைத் தின்னும் பூதம் என்பார் சிலர். கண்ணையும் கருத்தையும் கெடுக்கும் நஞ்சு என்பார் வேறு சிலர். இக்குற்றச்சாட்டுகளில் உண்மை அறவே இல்லை என்று வாதிட நாம் வரவில்லை. ஆயினும், ஒரு புதினத்தைப் படியாமலே பழிப்பது எவ்வாறு திறனாய்வு ஆகாதோ, அவ்வாறே ஒரு விளையாட்டை ஆடாமலே பழிப்பதும் திறனாய்வு ஆகாது. எனவே, ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, ஓர் இலக்கியப் படைப்பை அணுகுவது போலவே அதனை அணுகிப் பார்க்க விழைகிறோம். அதன் பெயர் 'ஹை-ஃபை ரஷ்'.

ஜப்பான் நாட்டின் டோக்கியோ நகரில் 2010 ஆம் ஆண்டு ஷின்ஜி மிகாமி என்பவர் தொடங்கிய நிறுவனம் டேங்கோ கேம்வொர்க்ஸ். அச்சமூட்டும் கதைகளை விளையாட்டாக வடிப்பதில் பெயர் பெற்றிருந்த அந்நிறுவனம், 2023 ஜனவரி 25 அன்று, அறிவித்த நாளிலேயே இவ்விளையாட்டை வெளியிட்டு அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. இதன் இயக்குநர் ஜான் ஜொஹானாஸ்.

கதையும் களமும்

கதைத்தலைவன் பெயர் சாய். ராக் இசைக் கலைஞனாகப் புகழ்பெற வேண்டும் என்பது அவன் கனவு. ஆனால், அதற்குரிய திறமையோ உழைப்போ அவனிடம் இல்லை. வாய்ச்சவடால் மட்டுமே உண்டு. ஒரு கை செயல்படாத அவன், இயந்திரக் கை பொருத்திக்கொள்ளும் ஆவலில் 'வாண்டலே' என்னும் பெருநிறுவனத்தின் சோதனைத் திட்டத்தில் சேருகின்றான். அங்கே நிறுவனத் தலைவன் அலட்சியமாகத் தூக்கியெறிந்த சிறிய இசைக்கருவி ஒன்று, தற்செயலாக அவன் மார்பில் பதிந்துவிடுகிறது. அன்று முதல் அவனைச் சுற்றியுள்ள உலகமே இசையின் துடிப்புக்கு ஏற்ப அசைகிறது. நிறுவனமோ அவனைக் 'குறைபாடுள்ள பொருள்' என்று முத்திரை குத்தி, ஒழித்துக்கட்ட இயந்திர மனிதர்களை ஏவுகிறது.

உற்பத்தி, ஆராய்ச்சி, பாதுகாப்பு, விளம்பரம், நிதி எனத் துறைதோறும் ஒரு தலைவர் உண்டு. அவர்களை ஒருவர்பின் ஒருவராக எதிர்கொள்வதே கதையோட்டம். பழைய இரும்புத் துண்டுகள் ஒன்றுசேர்ந்து உருவான கிதாரே அவனுக்குப் படைக்கலம். பெப்பர்மின்ட் என்னும் அறிவுக்கூர்மை மிக்க இளம்பெண்ணும், 808 என்னும் இயந்திரப் பூனையும் அவனுக்குத் துணை நிற்கின்றனர். நகைச்சுவைப் படக்கதையைப் போன்று வண்ணமயமாக இது தீட்டப்பட்டிருப்பினும், மனிதனைப் பண்டமாக எண்ணும் வணிக உலகைப் பார்த்துச் சிரிக்கும் அங்கதம் இதில் இழையோடுகிறது.

குறிலும் நெடிலும்

இவ்விளையாட்டின் உயிர்நாடி தாளம். மரங்கள் தாளத்திற்கு அசைகின்றன. பொறிகள் தாளத்திற்குத் திறந்து மூடுகின்றன. பகைவர் ஓங்கும் கையும் தாளத்திற்கே இறங்குகிறது. நிமிடத்திற்கு 120 துடிப்புகள் உள்ள ஒரு பாடலைக் கொண்டால், இரு துடிப்புகளுக்கு இடையே அரை வினாடியே உண்டு. அந்த அரை வினாடிக்குள் பார்த்து, முடிவெடுத்து, பொத்தானை அழுத்த வேண்டும்.

சாயின் இலேசான அடிக்கு ஒரு துடிப்பு. வலிய அடிக்கு இரு துடிப்பு. இதனை அறிந்த கணமே தமிழ் மாணவராகிய நமக்குக் குறிலும் நெடிலும் நினைவுக்கு வருதல் இயல்பன்றோ! கண்ணிமைப்பையும் கைநொடிப்பையும் கொண்டு மாத்திரையை அளந்தவர் தொல்காப்பியர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என அவர் வகுத்த அளவையும், இவ்விளையாட்டின் அடியளவும் ஒத்திருப்பது தற்செயலே. ஜப்பானில் இதனை ஆக்கியோர் நம் இலக்கணத்தைக் கண்டு செய்தார் என்று கூறுதல் பேதைமை. ஆயினும், காலத்தை உடலால் அளக்கும் மனித இயல்பு எங்கும் ஒன்றே என்பதை இவ்வொப்புமை உணர்த்துகிறது. குறிலும் நெடிலும் கலந்து சீராவது போல, இலேசான அடியும் வலிய அடியும் கலந்த கோவைகளை ஆடுவோர் தாமே தொடுத்துக்கொள்ள இயலும்.

பாதுகாப்புத் துறைத் தலைவியாகிய கோர்சிகாவுடன் நிகழும் போர் இதன் உச்சம் எனலாம். அவள் ஒரு தாளக்கட்டில் தாக்குகிறாள். நாம் அதே தாளக்கட்டில் தடுக்க வேண்டும். வினாவும் விடையுமாக அமைந்த இப்போர், இருவர் எதிரெதிர் நின்று பாடும் போட்டிப் பாட்டைப் போலவே உள்ளது.

தண்டிக்காத தாளம்

இதுகாறும் கூறியவை விளையாட்டின் அழகு. நாம் பெரிதும் போற்றுவது அதன் அறம்.

தாள விளையாட்டுகள் புதியவை அல்ல. 1996 இல் ஜப்பானில் 'பராப்பா தி ராப்பர்' வந்தது. 1998 இல் காலால் மிதித்து ஆடும் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' வந்தது. 2005 இல் அமெரிக்காவில் 'கிதார் ஹீரோ' வந்தது. இவற்றிலெல்லாம் ஆடுவோர் தாளம் தவறிக்கொண்டே போனால் தகுதிக் குறி இறங்கும். ஓர் எல்லையைக் கடந்ததும் ஆட்டம் நின்றுவிடும். 'உனக்கு வராது, விலகு' என்று கருவி சொல்லிவிடும்.

'ஹை-ஃபை ரஷ்' அவ்வாறு செய்வதில்லை. நாம் பொத்தானைச் சற்று முந்தியோ பிந்தியோ அழுத்தினாலும், சாயின் அடி தாளத்தில்தான் சென்று விழுகிறது. விளையாட்டே அவன் அசைவைச் சிறிது நீட்டியும் குறுக்கியும் தாளத்தோடு பொருத்திவிடுகிறது. சரியான நொடியில் அழுத்தினால் கூடுதல் வலிமையும் மதிப்பெண்ணும் உண்டு. தவறினால் அப்பரிசு இல்லை, அவ்வளவே. பகைவரின் தாக்குதலைத் தடுக்கும் சில இடங்களில் மட்டும் தவறுக்கு விலை கொடுக்க நேரும். மற்றபடி, தாளம் தெரியாதவனும் தாளத்துக்குள்ளேயே நிற்கிறான். அவன் அருகில் மிதந்து வரும் 808 துடிப்புதோறும் விம்மி அடங்கி வழிகாட்டுகிறது. வேண்டுமெனில் திரையின் கீழே தாள அளவுகோலையும் வரவழைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் ஆடியபோது நாம் பகைவரைக் கண்ணால் பார்த்தே பொத்தானை அழுத்தினோம்; பத்தில் இரண்டுகூடத் தாளத்தில் விழவில்லை. ஆயினும் சாய் அழகாகவே ஆடினான். அந்த அழகு தந்த ஊக்கத்தில் மீண்டும் முயன்றோம். சில நாள்களில் கண்ணை விட்டுக் காதை நம்பத் தொடங்கினோம். நம்மை அறியாமலே கால் தாளம் தட்டிற்று. ஏசியிருந்தால் எழுந்து போயிருப்போம். ஏற்றுக்கொண்டதால் கற்றுக்கொண்டோம்.

ஆக்கியோருக்கு நேர்ந்தது

இப்படைப்பு உலகின் பாராட்டைப் பெற்றது. 2023 ஆம் ஆண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த ஒலி வடிவமைப்புக்கான விருதும், 2024 இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கிய அசைவூட்டத்துக்கான விருதும் இதற்குக் கிடைத்தன. எதிர்பார்ப்புகளை எல்லாம் நிறைவேற்றிய வெற்றி என்று, அதனை வெளியிட்ட மைக்ரோசாஃப்ட் நிறுவன அலுவலரே 2023 இல் பகிரங்கமாகக் கூறினார்.

எனினும் 2024 மே 7 அன்று, டேங்கோ கேம்வொர்க்ஸ் மூடப்படும் என்று அதே மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பாஃப்டா விருது பெற்று ஒரு மாதம்கூட நிறையவில்லை! மனிதனைக் குறைபாடுள்ள பொருளென்று ஒதுக்கும் நிறுவனத்தைக் கதையில் எள்ளி நகையாடியவர்களுக்கு, வாழ்க்கையிலும் அத்தகைய முத்திரை வந்து வாய்த்தது. பெருநிறுவனங்களுக்குக் கணக்கு வழக்குகள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், பாராட்டப்பட்ட உழைப்புக்கும் பாதுகாப்பில்லை எனின், நாளை புதியதொன்றைப் படைக்க யார் துணிவார்? நல்லவேளையாக, அதே ஆண்டு ஆகஸ்டில் தென்கொரியாவின் கிராஃப்டான் நிறுவனம் டேங்கோவையும் இவ்விளையாட்டின் உரிமையையும் ஏற்பதாக அறிவித்தது. தவறவிட்ட அடி மீண்டும் தாளத்தில் விழுந்தது.

நாம் கற்பது

விளையாட்டே வாழ்வாகிவிடக் கூடாது என்பதில் நமக்கு ஐயமில்லை. தேர்வு நெருங்கும் இரவில் பகைவனை வெல்வது வெற்றியாகாது. அளவறிந்து ஆடுவதே அறிவுடைமை. தாளம் என்பதே அளவுதானே!

ஆனால், இவ்விளையாட்டு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒருசேரச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. வெண்பாவில் தளை தட்டியதும் தாளைக் கிழித்தெறிந்தவர் நம்முள் எத்தனை பேர்! முதல் மேடையில் நா தடுமாறியதற்காக மேடையையே மறந்தவர் எத்தனை பேர்! தவறியவனை வெளியே நிறுத்துவது எளிது. அவனையும் தாளத்துக்குள் வைத்துக்கொண்டு, சரியாகச் செய்தால் இன்னும் இனிக்கும் என்று காட்டுவதே கற்பித்தல். தரத்தைக் குறைப்பதன்று இது. தரத்தை எட்டும் வழியை அடைக்காதிருப்பது.

பொறிக்குள் எழுதப்பட்ட ஒரு விளையாட்டுக்கு இத்துணைப் பொறுமை வாய்க்கும் எனின், உயிருள்ள வகுப்பறைக்கு அது வாய்க்காதா? சிந்திப்போமாக!