மூன்று உரைகல்

கோலார் தங்கவயலின் கதை ஒரு வாசகரிடமிருந்து தொடங்குகிறது. நியூசிலாந்தில் மாவோரிகளுக்கு எதிரான போரில் சண்டையிட்டுவிட்டு, ஓய்வுக் காலத்தைக் கழிக்க பெங்களூருக்கு வந்தவர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லவெல். அயர்லாந்துக்காரர். அவர் கண்ணில் ஒரு பழைய கட்டுரை பட்டது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஜான் வாரன் 1802-ல் கோலார் பக்கம் போய், ஊர் மக்கள் மண்ணைக் கழுவித் தங்கப் பொடி எடுப்பதைப் பார்த்து எழுதியது அது. எத்தனையோ பேர் புரட்டிவிட்டுப் போன அந்தப் பக்கங்களை லவெல் நம்பினார். 1871-ல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். 1873-ல் மைசூர் அரசிடம் அனுமதி கேட்டார். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் வந்து இறங்கியது. பிறகு நடந்தது உலகம் அறிந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்படும்வரை, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள்.

தங்கவயலுக்குப் போகிறவர்கள் ரயில் மாறும் பங்காருபேட்டைக்கும் புத்தகத்தோடு ஓர் உறவு உண்டு. 'பங்காரு' என்றால் தெலுங்கில் தங்கம். பெயர்ப் பொருத்தம் கச்சிதம். ஆனால் வெள்ளைக்காரர் காலத்தில் அது பௌரிங்பேட்டை. 1860களில் மைசூர் ஆணையராக இருந்த லெவின் பௌரிங் பெயரால் வந்தது. இந்த பௌரிங் தன் இந்திய அனுபவங்களை 1871-ல் ஒரு நூலாக எழுதினார். 1893-ல் ஹைதர் அலி, திப்பு சுல்தான் பற்றிய வரலாறும் எழுதினார். ஒரே ஆள், ஒரே சீமை. ஆனால் தன் அனுபவத்துக்கு ஒரு புத்தகம், வரலாற்றுக்கு ஒரு புத்தகம். இரண்டையும் ஒரே புத்தகத்தில் அடக்க முடியாது என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது.

வாசகர்களுக்குத்தான் இது அவ்வளவாகத் தெரிவதில்லை. நாவல் படிப்பவர் நாவலோடு நிற்கிறார். வரலாறு படிப்பவர் 'கதையெல்லாம் எதற்கு' என்கிறார். தன்வரலாறுகளை விரும்புகிறவர் வேறு எதையும் தொடுவதில்லை. ருசி அவரவர் உரிமை. ஆனால் ஒரு ஊரை, ஒரு தொழிலை, ஒரு மக்கள் கூட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வரும்போது இந்த ஒற்றை அலமாரிப் பழக்கம் ஆளைக் கவிழ்த்துவிடுகிறது. அதற்குத் தங்கவயலைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கற்பனையிலிருந்து தொடங்கலாம். இன்று 'கே.ஜி.எஃப்.' என்றால் நாடு முழுவதும் நினைவுக்கு வருவது 2018-லும் 2022-லும் வெளியான இரண்டு கன்னடப் படங்கள். அந்தக் கதையில் 1951-ல்தான் கோலாரில் தங்கம் கண்டுபிடிக்கப்படுகிறது. அதே நாளில் நாயகன் பிறக்கிறான். வளர்ந்து, ஒரு தனியார் குடும்பத்தின் பிடியில் அடிமைகளாகக் கிடக்கும் தொழிலாளர்களை மீட்க வருகிறான். உண்மையில் 1951-ல் தங்கவயலுக்கு எழுபது வயது. 1956-ல் மைசூர் அரசு அதை எடுத்துக்கொண்டது, 1962-ல் மத்திய அரசு. 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம். படத்தின் நாயகன் துப்பாக்கி தூக்கும் ஆண்டுகளில் நிஜத் தொழிலாளி சர்க்கார் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

கற்பனைக்கு ஆண்டுக் கணக்கு கட்டாயமில்லை. அதற்காகப் படத்தைக் குறை சொல்வது அபத்தம். சிக்கல் வேறு இடத்தில். கதையோடு நின்றுவிடுகிறவர் மனதில், சுரங்கத் தொழிலாளி என்பவர் யாராவது ஒரு நாயகன் வரும்வரை தலை குனிந்து காத்திருந்தவர் என்ற சித்திரம் பதிந்துவிடுகிறது. அந்தச் சித்திரத்தை உரசிப் பார்க்க ஒரு உரைகல் வேண்டும்.

அந்த உரைகல் வரலாற்று அலமாரியில் இருக்கிறது. ஜானகி நாயர் எழுதி 1998-ல் வெளியான 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' மைசூர் சமஸ்தானத்தின் சுரங்கத் தொழிலாளர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் பற்றிய ஆய்வு நூல். 1930-ல் தங்கவயலில் நடந்த வேலைநிறுத்தம் அவர் தனிக் கட்டுரையாகவும் எழுதிய விஷயம். தொழிலாளர்கள் ஒவ்வொருவரின் விரல் ரேகையையும் பதிவு செய்ய வேண்டும் என்று நிர்வாகம் கிளம்பியபோது, பல ஆயிரம் பேர் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். ரேகை எடுப்பது குற்றவாளிகளிடம் அல்லவா? அப்போது மைசூர் சமஸ்தானத்தில் தொழிற்சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரமே கிடையாது. கொடி இல்லை, மேடை இல்லை, பெயர் சொல்ல ஒரு தலைவரும் இல்லை. பெரும்பாலும் வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தாழ்த்தப்பட்ட மக்கள், தங்கள் மானத்துக்காகத் தாங்களே நின்றார்கள். நாயகன் வந்து மீட்கும் கதைக்கு இதைவிடப் பெரிய மறுப்பு கிடையாது.

ஆனால் வரலாறும் குறையில்லாத கண்ணாடி அல்ல. வரலாற்றாசிரியர் கையில் கிடைப்பது பெரும்பாலும் கம்பெனிக் கோப்பும் போலீஸ் அறிக்கையும் அரசு உத்தரவும்தான். அவற்றில் தொழிலாளி ஒரு விபத்து எண்ணிக்கையாக வருவார், தங்கம் திருடிய சந்தேக நபராக வருவார், ஒரு கைரேகையாக வருவார். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது, பெங்களூருக்கு விளக்கு எரியும் முன்பே இங்கே எரிந்தது என்று வரலாறு சொல்லும். அந்த வெளிச்சம் யார் வீட்டு முற்றத்தில் விழுந்தது, விழாத வீட்டில் இரவு எப்படி இருந்தது என்று கேட்டால் கோப்பு வாய் திறக்காது.

அதற்கு மூன்றாவது அலமாரி. நினைவு நூல். தங்கவயலில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியரான பிரிட்ஜெட் வைட்-குமார் 2010-ல் தன் ஊர் நினைவுகளை ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார். 'குட்டி இங்கிலாந்து' என்று பெயரெடுத்த ஊர் அது. பங்களாக்கள், கிளப், கிறிஸ்துமஸ், பள்ளிக்கூடம், சமையலறை என்று ஒரு வாழ்க்கை அதில் மணக்கிறது. எந்தக் கோப்பிலும் இல்லாத மணம். ஆனால் நினைவு நூல் எழுதுபவர் தன் வீட்டு வாசலில் நின்றுதான் உலகத்தைப் பார்க்க முடியும். பங்களா வாசலிலிருந்து பார்த்தால் பங்களாத் தெரு தெரியும். சற்றுத் தள்ளி இருந்த 'லைன்' வீடுகளில், ஒரே அறையில் ஒரு குடும்பம் எப்படிப் படுத்து எழுந்தது என்பதை, அங்கே படுத்து எழுந்தவர்தான் எழுத வேண்டும்.

லைன் வீட்டுக்காரர்களுக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்தால் அது பெரிய தவறு. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னை ராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. அவரது பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் உறுதியான கிளைகள் இருந்தன. பண்டிதர் 1914-ல் மறைந்த பிறகு, அவர் எழுத்துகளைத் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை சிறு சிறு நூல்களாக அச்சிட்டது. நின்றுபோன 'தமிழன்' 1926-ல் மறுபடியும் உயிர் பெற்றதும் தங்கவயலில்தான். பண்டிதர் அப்பாதுரையார் அதன் ஆசிரியர்.

அந்த இதழில் என்ன இருந்தது என்று பார்த்தால் ஆச்சரியம் இன்னும் கூடும். புத்தர் சரித்திரம், 'இந்திரர் தேச சரித்திரம்' என்ற மாற்று வரலாறு, வாசகர் கேள்விக்குப் பதில், பழந்தமிழ் நூல்களுக்குப் புது விளக்கம், கிளைச் சங்கங்களின் செய்தி. பகலில் பாறை குடைந்தவர்களின் ஊரில் இத்தனை வகையான எழுத்துக்கு ஆதரவு இருந்தது. ஒரே வகைப் படிப்பு போதாது என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. தங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிவைத்த சரித்திரம் சரியில்லை என்று தெரிந்தவர்கள் இன்னொரு சரித்திரத்தைத் தேடினார்கள். கிடைக்காதபோது தாங்களே அச்சடித்தார்கள். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் கட்டிக் காத்ததால்தான், ஞான. அலாய்சியஸ் 1999-ல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளைப் பாளையங்கோட்டையிலிருந்து கொண்டுவர முடிந்தது. அவர் அதற்கு முந்தைய ஆண்டு ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு நூலும் இந்தத் தமிழ் பௌத்த இயக்கத்தைப் பற்றியதுதான்.

வேறு களங்களிலும் இந்த மும்முனைப் படிப்பு பலன் தருகிறது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியத் தமிழர்கள் பட்ட பாட்டை எடுத்துக்கொள்ளலாம். நாவலுக்கு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. நினைவுக்கு, 1942-ல் ரங்கூனிலிருந்து தப்பி வந்த வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்'. வரலாற்றுக்கு, கிறிஸ்டோபர் பெய்லியும் டிம் ஹார்ப்பரும் எழுதி 2004-ல் வந்த 'ஃபர்காட்டன் ஆர்மீஸ்'. சிங்காரத்திடம் போரின் போதையும் கசப்பும். சர்மாவிடம் நடந்து தேய்ந்த கால்கள். ஆங்கில வரலாற்றில், அந்தக் கால்களை நடக்க வைத்த பேரரசுகளின் கணக்கு. மூன்றையும் படித்தவருக்கு 1942 வெறும் ஆண்டாகத் தெரியாது.

சில சமயம் ஒரு அலமாரி காலியாக இருக்கும்போது இன்னொன்று அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல், தொழிலாளர்கள் சொல்லக் கேட்டதையும் தான் கண்டதையும் ஆய்வறிக்கையாக எழுதவில்லை. 1969-ல் 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவலாக எழுதினார். இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் அது 'எரியும் பனிக்காடு' ஆகத் தமிழுக்கு வந்தது 2007-ல். தமிழர்களின் கதை தமிழுக்கு வந்து சேர 38 ஆண்டு! தங்கவயல் பற்றி மேலே சொன்ன வரலாறும் நினைவு நூலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை என்பதை இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். மொழிபெயர்ப்பவருக்கு இங்கே வேலை காத்திருக்கிறது.

அதைவிட அவசரமான வேலை ஒன்றும் உண்டு. சுரங்கம் மூடி கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. கடைசி நாளில் கூண்டில் ஏறி மேலே வந்தவர்களில் இளைஞர்கள்கூட இன்று நடுவயதைத் தாண்டுகிறார்கள். மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாறை வெடிப்பின் சத்தம் எப்படி இருக்கும், ஆழத்தின் வெக்கை உடம்பை என்ன செய்யும், நுரையீரலில் தூசி படிந்த அப்பாவின் இருமலை வீடு எப்படிப் பழகிக்கொண்டது என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கிறது. எழுதாவிட்டால் மிஞ்சுவது கம்பெனிக் கோப்பும் சினிமாவும் சயனைடு மேடும்தான். கோப்பில் அவர்கள் கைரேகை, சினிமாவில் கூட்டம். எழுதத் தெரியாது என்பது காரணமாகாது. சொல்லத் தெரிந்தால் போதும். எழுதிக்கொள்ள ஒரு பேரனோ பேத்தியோ நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தால் ஆயிற்று.

வாசகர் செய்யக்கூடியது சுலபமானது. ஒரு புத்தகத்தை மூடும்போது, அது அழகாக இருந்ததா என்று கேட்பதோடு, இதில் யார் பேசவில்லை என்றும் கேட்டுக்கொள்வது. அடுத்த புத்தகத்தை அந்தப் பதிலிலிருந்து தேர்ந்தெடுப்பது. நாவலில் ஆண்டு குழம்பினால் வரலாறு. வரலாற்றில் மனிதர் மங்கினால் நினைவு நூல். நினைவு நூலில் ஒரு தெருவே தெரிந்தால், அடுத்த தெருக்காரர் எழுதியது. அப்படி ஒன்று இல்லையென்றால் அதுவும் ஒரு தகவல்தான்: யாருடைய கதை இன்னும் எழுதப்படவில்லை என்பது தெரிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்பதில்லை. நூலகமும் நண்பரின் அலமாரியும் இருக்கின்றன.

மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருபேட்டையிலிருந்தும் தினமும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்காக பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார்கள். சுரங்கம் போனபின் அந்த ரயில்தான் பலருக்கும் சுரங்கம். போக வர சில மணி நேரம் ஆகிறது. உட்கார இடம் கிடைத்தால், ஒரு நாவலும் ஒரு வரலாறும் ஒரு தன்வரலாறும் மாதத்துக்குள் முடிந்துவிடும். நூறு ஆண்டுக்கு முன்பு மண்ணெண்ணெய் விளக்கில் 'தமிழன்' படித்தவர்களின் வாரிசுகளுக்கு இது ஒன்றும் புதுப் பழக்கம் அல்ல.